மணியை எத்தனை தடவை அடிப்பது?

சிவனொளிபாதமலையின் உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. மலையேறி வருபவர் அன்றைய ஏற்றத்தையும் சேர்த்து இதுவரை எத்தனை தடவை உச்சிக்கு வந்திருக்கிறாரோ, அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். கடந்த மாசி மாதம் நான் ஐந்து தடவை அடித்தேன், என் கணவர் நான்கு தடவை அடித்தார். ஐந்து பயணங்களிலும் நாங்கள் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஒன்றாக ரயிலேறி, ஹட்டனில் ஒன்றாக இறங்கியவர்கள்தான்.

வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு மலையோட்டத்துக்குப் பயிற்சி எடுப்பதென்பது, கிணறு இல்லாத வீட்டில் நீச்சல் பழகுவதைப் போன்றது. மரைன் டிரைவில் தெகிவளைப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடினாலும், கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர்களுக்கு மேல் உயர முடியாது. ஆகவே, நாங்கள் குடியிருக்கும் பதினொரு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டையே மலையாகக் கொண்டோம். ஒரு தடவை ஏறினால் ஏறத்தாழ 33 மீற்றர் உயரம் கிடைக்கும். மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து 2,243 மீற்றர் உயரத்திலுள்ள உச்சி வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன, ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர். அதாவது, எங்கள் கட்டடத்தை முப்பது தடவை ஏற வேண்டும். வேலை முடிந்து வந்து அத்தனை தடவை ஏறி இறங்க நேரம் போதாமையால், ஏறுவது படியிலும் இறங்குவது லிப்டிலுமாகப் பயிற்சியைச் சுருக்கிக்கொண்டோம். அந்தச் சுருக்கம் எவ்வளவு மடத்தனமானது என்பது முதல் பயணத்தின் திரும்பும் வழியில்தான் தெரிந்தது.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கி வேகத்தைத் தடுக்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசையின் நார்களில் இதனால் நுண்ணிய சேதங்கள் ஏற்பட, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சத்துக்கு வருகிறது. நாங்கள் பல மாதங்களாக ஏற்றத்தை மட்டுமே பழகியவர்கள். முதல் பயணத்திலிருந்து திரும்பிய வாரத்தில் நான் குளியலறையின் ஒரேயொரு படியைக்கூடப் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன். அதன் பிறகு லிப்டை மறந்துவிட்டோம். அயலவர்கள் மின்சாரம் இல்லையோ என்று ஒருமுறை விசாரித்தார்கள்.

எங்கள் இருவருடைய வேகமும் ஒன்றல்ல. ஏற்றத்தில் நான் முந்துவேன், இறக்கத்தில் அவர் ஆடுபோல் தாவிச் செல்வார். செயற்கைப் பாறைச் சுவரில் கயிற்றேற்றம் பழகத் தொடங்கிய பின்னர், இந்த வேறுபாட்டோடு எடை வேறுபாடும் சேர்ந்துகொண்டது. நான் 49 கிலோ, அவர் 74 கிலோ. மேலே அவர் கைதவறி விழுந்த முதல் நாள், மேலேயுள்ள வளையத்தினூடாக வரும் அவருடைய கயிற்றின் மறுமுனையைக் கீழே பிடித்திருந்த நான் நிலத்தை விட்டுக் கிளம்பி, அவர் இறங்க இறங்க மேலே போய், பாதி வழியில் அவருடைய முகத்துக்கு நேரே தொங்கினேன். கயிறு பூட்டிக்கொண்டதால் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து என் இடுப்புவாரை நிலத்திலுள்ள மணல்மூட்டையோடு ஒரு பட்டியால் இணைத்துக்கொள்கிறேன். ஏறுவதற்கு முன்னர் அவர் இடுப்புவாரில் போட்ட 8 வடிவ முடிச்சை நானும், கயிற்றை இறுக்கி நிறுத்தும் என் பூட்டை அவரும் கையால் தொட்டுப் பார்ப்போம். கோபத்தில் பேசாமல் இருக்கும் நாள்களிலும் இது மட்டும் நிற்பதில்லை.

இனி, அவர் அடிக்காமல் விட்ட அந்த ஒரு மணியடியின் கதை. கண்டி ஹந்தானையில் தொடங்கி, பிரித்தானியர் காலத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகள் வழியாக 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் பெக்கோ நடைபாதையின் முதற் கட்டத்தை அந்த வருடம் ஓடிப் பார்த்தோம். ஈரக் கல்லில் தாவியபோது அவருடைய வலது முழங்கால் திருகிக்கொண்டது. ஒரு மாதம் ஓய்வெடுத்து, சரியாகிவிட்டதென்று இருவரும் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டு நல்லதண்ணிக்குப் போனோம். இரவு ஒரு மணிக்கு ஏறத் தொடங்கினோம். பாதி வழிக்கு மேல், படிகள் செங்குத்தாகும் இடத்தில், அவர் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடிக் கம்பியை இழுத்து ஏறுவதைக் கண்டேன். ஒரு தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

"நீர் போயிட்டு வாரும், நான் இதில இருக்கிறன்" என்றார்.

"உங்களை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"இதென்ன காடே? ஆயிரம் சனம் போகுது. போம், விடியப் போகுது."

போனேன். உச்சியில் நின்று மேற்கே பார்த்தபோது, மலையின் முக்கோண நிழல் மூட்டத்தின் மேல் தெளிவாக விழுந்திருந்தது. அதைப் படமெடுக்க மனம் வரவில்லை, மணியை மட்டும் அடித்துவிட்டு இறங்கினேன். கீழே அவர் மூன்றாவது வெறுந்தேநீரோடு கடைக்காரருடன் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

நான் போனது சரியா என்று வீட்டில் நெடுநாள் பேசினோம். 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்டின் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவரோடு அந்தப் பயணத்தைத் தொடங்கிய ஜொஹான் பீரிஸ் சுமார் 8,400 மீற்றர் வரை ஏறித் திரும்பிவிட்டு, 2018இல் மீண்டும் போய் உச்சியை அடைந்தார். எவரெஸ்டையும் தேநீர்க் கடையையும் ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் ஒருவர் திரும்பும்போது மற்றவரும் திரும்பியே ஆகவேண்டுமா என்ற எங்கள் கேள்விக்கு அந்த இருவரையே உதாரணமாக இழுத்தோம். கடைசியில், பாதையில் விளக்கும் ஆள்நடமாட்டமும் இருந்தால் பிரியலாம், இல்லாவிட்டால் இருவரும் திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. இலங்கையில் பிதுருதலாகலைக்கு அடுத்த உயரமான மலையாகிய கிரிகல்பொத்தையில், ஹோட்டன் சமவெளியின் மூட்டம் காலை பத்து மணிக்கே பாதையை மூடியபோது, அந்த முடிவின்படி 2,388 மீற்றர் உச்சியைக் காணாமலே இருவரும் திரும்பினோம். எனக்குத்தான் எரிச்சல். நுவரெலியா வரும்வரை நான் பேசவில்லை.

கடந்த மாசியில் நான் ஐந்தாவது தடவை மணியை அடித்துவிட்டுக் கயிற்றைக் கொடுக்க, அவர் நான்கோடு விட்டுவிட்டார். எங்களுக்குப் பின்னால் முறைக்குக் காத்திருந்த தோட்டத்து மூதாட்டி ஒருவர் எண்ணிக்கொண்டே நின்றிருக்க வேண்டும்.

"ஏம்மா, ஐயா ஒரு தடவ வரலியா?" என்று கேட்டார்.

"வந்தனான் அம்மா, தேத்தண்ணிக் கடை மட்டும்" என்றார் அவர்.