பேச்சு வரட்டும் என்று காத்திருக்கவில்லை

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்தபோது அம்மா, பா, தா, இல்ல என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான் வந்தன. மற்றபடி வேண்டியதை என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசும்." மாமியார், "அவன் அப்பனும் மூணு வயசுலதாம்மா வாயத் திறந்தான்" என்றார். வசம்பு உரைத்து நாக்கில் தடவவும் சொன்னார்கள். கோயிலில் வேண்டிக்கொண்டேன், வசம்பு மட்டும் வேண்டாம் என்றேன்.

தாமதமாகப் பேசி, அப்புறம் தானாகவே சரியாகிவிடும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் நம் பிள்ளை அந்த வகைதானா என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அதோடு ஒரு விஷயம் என்னை உறுத்தியது. முகம் பார்த்துச் சொன்னால் செருப்பை எடுத்து வருவான். பின்னால் நின்று கூப்பிட்டால் பல நேரம் திரும்பவே மாட்டான். சளி பிடித்தால் இன்னும் மோசம்.

தடுப்பூசி போடும் அரசாங்க கிளினிக்கில்தான் தொடங்கினேன். மிஸ்ஸி, அதாவது தாதி, அவனுடைய சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டியபடி கேள்வி கேட்டார். விரல் நீட்டிக் காட்டுவானா? மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா? முன்பு பேசிய சொல் எதுவும் நின்றுபோனதா? டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு ஒரு சூராட் (கடிதம்) எழுதிக் கொடுத்தார், காதுப் பரிசோதனைக்கும் சேர்த்து. பேச்சு தாமதம் என்றால் முதலில் காதைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

அங்கே காதில் சின்ன அடைப்பான் வைத்து, காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை அசைகிறதா என்று பார்த்தார்கள். அதற்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. காய்ச்சல், வலி எதுவும் இல்லாமலே இது இருக்குமாம். தண்ணீருக்குள் மூழ்கியபடி கேட்பதுபோல எங்கள் பேச்சு அவனுக்கு மங்கலாக விழுந்திருக்கிறது. பல பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும், வற்றாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பார்கள் என்று விளக்கினார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று பேச்சுப் பயிற்சிக்கும் தேதி கொடுத்தார்கள்.

பயிற்சியாளர் மலாய்க்காரப் பெண், தமிழ் தெரியாது. நம் நாட்டில் தேசியப் பல்கலைக்கழகம் இந்தப் பேச்சுப் பயிற்சிப் படிப்பைத் தொடங்கியதே 1995-இல்தான். தமிழ் பேசுபவர் கிடைப்பது அரிது. அதனால் என்னை உடன் வைத்துக்கொண்டே எல்லாம் செய்தார். அவன் சொல்லும் சொற்களை, எந்த மொழியானாலும், எழுதி வரச் சொன்னார். தமிழ்ப் பால், மலாய் போலா (பந்து), ஆங்கில பை பை எல்லாம் ஒரே கணக்கில் சேரும். தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசு என்று சொந்தக்காரர்கள் சொல்வது சரியா என்று அவரிடம் கேட்டேன். கூடாது என்றார். பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது, உங்களுக்குச் சரளமான மொழியில்தான் பிள்ளையிடம் நிறையப் பேச முடியும் என்றார். எனக்கு அது பெரிய ஆறுதல்.

நாக்குக்கு ஏதோ பயிற்சி கொடுப்பார்கள் என்று கணவர் நினைத்திருந்தார். நடந்ததெல்லாம் விளையாட்டு. சோப்பு நுரைக் குமிழி ஊதி, சட்டென்று நிறுத்தி, அவன் கேட்கும்வரை காத்திருப்பார். வீட்டில் நான் அதைத் தமிழில் செய்தேன். அவன் "ஊ" என்றால் நான் "ஊது" என்பேன். "பந்து" என்றால் "பெரிய பந்து". சொல்லு, சொல்லு என்று வற்புறுத்தக்கூடாது. இதில் எங்களில் கெட்டிக்காரர் மாமியார்தான். சோறு ஊட்டும்போது வாசலில் மேயும் கோழிகளைக் காட்டியே அவர் நிறையச் சொற்களை வரவழைத்தார்.

இப்போது எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) தாய்மார் எப்போது டாக்டரிடம் போவது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஒரு வயதில் மழலை ஒலியோ கைச்சைகையோ இல்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்க்கவில்லை, மூன்று வயதில் வெளியார்க்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றால் போங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும். திக்கல் மாதக்கணக்கில் நீடித்தாலோ, பேசும்போது பிள்ளை முகம் இறுகித் திணறினாலோ அதையும் காட்டுங்கள். மூன்று வயதில் ழ, ற சரியாக வராததற்குப் பதற வேண்டாம். தனியாரிடம் போவதென்றால் சுகாதாரத் துணைத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று தாராளமாகக் கேட்கலாம்.

மறு பரிசோதனையில் நீர் வற்றியிருந்தது, குழாய் தேவைப்படவில்லை. இப்போது "அம்மா, பாட்டி கோழி ஓடுது" என்கிற அளவுக்கு வந்திருக்கிறான். பயிற்சி இன்னும் தொடர்கிறது. பாலர் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியையிடம் எல்லாம் சொல்லி, சளிக் காலத்தில் அவனை முன்னால் உட்காரவைக்கும்படி கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.