முக்கால் லிட்டர் தண்ணியும் எங்க வீட்டுப் பொங்கலும்

நேத்து ராத்திரி மறுபடியும் பனி கொட்டியிருக்கு. காலைல ஆறு மணிக்குக் கதவைத் திறந்தா வாசல் புல்லு மொத்தமும் உப்பு தூவின மாதிரி கிடக்கு. குன்னூர்ல எங்க வீடு கொஞ்சம் பள்ளத்துல இருக்கு, குளிர் வந்து தேங்கறது பள்ளத்துலதான். மழை நின்னு வானம் தெளிஞ்சு காத்தும் அடங்கிடுச்சுன்னா அன்னைக்கு ராத்திரி உறைபனின்னு இங்க சின்னப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். ஊட்டில தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் வெள்ளையா கிடக்கறதைப் பார்க்க ஜனங்க கார் எடுத்துட்டு வர்றாங்க. எனக்கு இப்ப உறைபனின்னாலே மனசு நேரா எங்க வீட்டுக்காரரோட இடது கைக்குத்தான் போகுது.

அவருக்குக் கிட்னி வேலை செய்யல, ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ற டயாலிசிஸ்லதான் இருக்காரு. அந்தக் கைலதான் ஃபிஸ்டுலா இருக்கு. டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரத்தக்குழாய் ரெண்டைச் சேர்த்து வச்சுத் தைச்சிருப்பாங்க, மணிக்கட்டுக்கு மேல விரல் வச்சா பூனை கிர்ருங்கற மாதிரி உள்ள ஓடறது தெரியும். அது ஓடிட்டே இருக்கணும், நின்னா ஆபத்து. அந்தக் கைல பிபி பார்க்கக் கூடாது, பை மாட்டக் கூடாது, அது மேல படுத்துத் தூங்கக் கூடாது, இறுக்கமா துணி போடக் கூடாது. ஆனா குன்னூர் குளிர்ல ஸ்வெட்டர் இல்லாம எப்படி இருக்கறது? அதனால போன வருஷம் அவரோட பழைய ஸ்வெட்டர்ல இடது கையை நீளவாக்குல வெட்டி ஜிப் வச்சுத் தைச்சேன். டயாலிசிஸ் அன்னைக்கு ஜிப்பை இறக்கிட்டா ஸ்வெட்டரைக் கழட்டாமலே ஊசி போட்டுடலாம். சிஸ்டருங்க பார்த்துட்டு எங்க தைச்சதுன்னு கேட்டாங்க, இதுவரைக்கும் இன்னும் மூணு பேருக்குத் தைச்சுக் கொடுத்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவரா இருந்தவரு. மேட்டுப்பாளையம் ஊட்டி ரூட்ல மட்டும் பத்தொன்பது வருஷம். கல்லாறு தாண்டி ஏற ஆரம்பிச்சா வர்ற 14 கொண்டை ஊசி வளைவும் அவருக்குக் கண்ணை மூடினா தெரியும். சுகரும் பிபியும் ரொம்ப வருஷமா இருந்துச்சு, மாத்திரை போட்டுட்டுதான் இருந்தாரு, ஆனா 2024 மழைக்காலத்துல கால் வீங்கி, வாந்தி வந்து, படுத்தா மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தா கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, கிரியேட்டினின், ஒண்ணு சுத்தி இருக்க வேண்டியது 9.2. அன்னைல இருந்து வாரத்துல மூணு நாள், செவ்வாய் வியாழன் சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல.

முதல்ல மலைல இடம் கிடைக்கல. கோயமுத்தூருக்குத்தான் போகணும். விடியக்காலைல நாலு மணிக்கு வீட்டை விட்டு இறங்கினாதான் அங்க நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். பர்லியார் பக்கம் மூடுபனில எதுத்தாப்புல வர்ற லாரியோட லைட்டு கூட மங்கலா மஞ்சளா ஒரு புள்ளிதான். மழைல மண்ணு சரிஞ்சு ரோட்டை மூடினா கோத்தகிரி வழியா சுத்திப் போகணும். பத்தொன்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச மனுஷன் பின் சீட்டுல போர்வையைப் போர்த்திட்டு ஒண்ணும் பேசாம ஒவ்வொரு வளைவையும் பார்த்துட்டே வருவாரு. திரும்பி வரும்போது நடுங்குவாரு. உடம்பு ரத்தம் வெளில குழாய் வழியா சுத்தி மெஷின்ல சுத்தமாகித்தானே உள்ள போகுது, போதாததுக்கு ரத்தசோகை வேற, அதனாலதான் இந்தக் குளிர்னு டாக்டர் சொன்னாரு.

சாப்பாடு விஷயம்தான் எனக்குப் புரியறதுக்கு ரொம்ப நாளாச்சு. தண்ணி ஒரு நாளைக்கு 750 மில்லி, அவ்வளவுதான். காபி, ரசம், மோர், மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் அதுக்குள்ள. வேர்வை வந்தாலாவது கொஞ்சம் வெளியேறும், இந்தக் குளிர்ல அதுவும் இல்ல, குடிச்சது அப்படியே உடம்புல நிக்கும், மறு டயாலிசிஸ்க்கு எடை மெஷின்ல ஏறி நின்னா ரெண்டரை கிலோ கூடியிருக்கும். ஆனா குளிருக்குச் சூடா ஏதாவது குடிக்கணும்னுதான் மனசு தவிக்கும். காலைல ஒரு பாட்டில்ல முக்கால் லிட்டர் ஊத்தி வச்சுடுவேன், எது கொடுத்தாலும் அதுல இருந்து அந்த அளவைக் குறைச்சுடுவேன். அப்புறம் பொட்டாசியம், கிட்னியால வெளியேத்த முடியாம ரத்தத்துல ஏறிடற உப்பு. வாழைப்பழம், இளநீர், கீரை, உருளைக்கிழங்கு, ஆரஞ்சு எல்லாம் வேண்டாம்னாங்க. மத்த காயையும் நறுக்கி வெந்நீர்ல ஊறப்போட்டு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, மறுபடி நிறைய தண்ணில வேகவச்சு அதையும் வடிச்சுட்டுத்தான் தாளிக்கணும். பின்னாடி கொடில மேரக்காய் (சௌசௌ) காய்ச்சுத் தொங்கும், அதுதான் இப்ப எங்க வீட்டைக் காப்பாத்துது. (இதெல்லாம் எங்க டாக்டர் அவருக்குச் சொன்ன கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற, உங்க டாக்டரைக் கேட்டுக்கங்க.)

அந்த முதல் டிசம்பர்ல நடந்ததை எழுதாம இருக்க முடியல. கீழ சொந்தத்துல ஒரு காதுகுத்து, ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சுதானே இருக்கு, போயிட்டு வந்துடலாம்னு கிளம்பினோம். எல்லாருக்கும் அவரைப் பார்த்ததுல சந்தோஷம், இப்படி இளைச்சுட்டீங்களேன்னு ஆளாளுக்கு ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. நான் பொம்பளைங்க பக்கம் உட்கார்ந்துட்டேன். இளநீர் இயற்கைதானே, கிட்னிக்கு நல்லதுன்னு ஒருத்தர் வெட்டிக் கொடுக்க, இவரு தாகத்துல ரெண்டு குடிச்சிருக்காரு, பந்தில வச்ச வாழைப்பழமும் ரெண்டு. கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு நாள்தான் வாரத்துலயே பெரிய இடைவெளி. திங்கக்கிழமை விடியக்காலைல பாத்ரூம் போக எழுந்தவருக்குக் கால் தூக்க வரல. "ஏம்மா, கால் என்னுது மாதிரியே இல்ல"ன்னாரு. ஆம்புலன்ஸ்ல இறங்கினோம், அந்த 14 வளைவையும் நான் எண்ணினேன். பொட்டாசியம் 6.9. இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னே போயிருக்கலாம்னு சொல்லிட்டு ஊசியைப் போட்டு உடனே மெஷின்ல ஏத்தினாங்க.

பிழைச்சுட்டாரு. ஆனா அதுக்கப்புறம் நடந்தது வேற ஒரு கஷ்டம். சொந்தக்காரங்க பயந்துட்டாங்க. கூப்பிடறதை நிறுத்திட்டாங்க. 2025 பொங்கல் செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் நாள், நாங்க கோயமுத்தூர்ல வார்டு வெளில உட்கார்ந்திருந்தோம், ஒரு போன் கூட வரல. அடுத்த மாசம் ரொம்ப நெருங்கின சொந்தத்துல புது வீட்டுக்குப் பால் காய்ச்சினதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டோம். போன் பண்ணிக் கேட்டா "அண்ணன் எதுவும் சாப்பிடக் கூடாதே, வந்து பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான்"னு சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் அவரு பீரோல இருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து அயர்ன் பண்ணி மடிச்சுத் திரும்ப உள்ளேயே வச்சாரு. ஏன்னு நான் கேக்கல.

சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீங்க, அதே சமயம் கூப்பிடாமலும் இருந்துடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்னு நினைப்பேன், வாய் வராது. கடைசில என் நாத்தனார்கிட்டதான் அழுதுட்டே சொன்னேன். அவ அரை நிமிஷம் பேசல. அப்புறம் "அண்ணி, அண்ணன் எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாதுன்னு எழுதி அனுப்புங்க, எவ்வளவுன்னும் எழுதுங்க"ன்னா. எழுதி அனுப்பினதைக் குடும்ப குரூப்ல அவளே போட்டுட்டா.

2025 ஜூன்ல மலையிலேயே டயாலிசிஸ்க்கு இடம் கிடைச்சுது, அரசு காப்பீட்டுத் திட்டத்துலயே. இறங்கி ஏறற அலைச்சல் போச்சு. மாத்து கிட்னிக்குப் பதிவு பண்ணியிருக்கோம். எனக்கே பிபி இருக்கறதால என்னால கொடுக்க முடியல, மக "நான் தர்றேம்ப்பா"ன்னு சொன்னப்ப அவரு எழுந்து வெளில போயிட்டாரு. மூளைச்சாவு அடைஞ்சவங்க குடும்பம் சம்மதிச்சாதான் எங்களுக்கு ஒரு போன் வரும். 2008ல தங்களோட மகன் ஹிதேந்திரனோட உறுப்புகளைக் கொடுத்த அந்த டாக்டர் அப்பா அம்மாவை நான் அடிக்கடி நினைச்சுப்பேன், அந்த நேரத்துல அவங்களுக்கு எப்படி மனசு வந்துச்சோ. எங்களுக்கு வரப்போற போனுக்குப் பின்னாடியும் அப்படி ஒரு வீடு அழுதுட்டிருக்கும்னு நினைச்சா வேண்டிக்கவும் தெரியல, வேண்டாம இருக்கவும் முடியல.

போன டிசம்பர்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தாங்க. வழக்கமா முந்திரி திராட்சை எல்லாம் போட்டு கனமா ஒரு கேக் வரும். இந்தத் தடவை அதோட ஒரு சின்ன டப்பா தனியா. "இது சாருக்கு. பழம் கிடையாது, சாக்லேட் கிடையாது, சர்க்கரையும் பாதிதான்"னாங்க. விரல் நீளத்துக்கு ஒரு துண்டுதான். அதை ஜன்னலோரம் உட்கார்ந்து எதுத்த வீட்டு ஸ்டார் லைட்டைப் பார்த்துட்டே கால் மணி நேரம் சாப்பிட்டாரு.

இந்த வருஷப் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. மறுபடியும் டயாலிசிஸ் நாளேதான். மெஷினுக்கு ஏது லீவு. முடிச்சுட்டு வந்தா அன்னைக்கு முழுக்க அடிச்சுப் போட்ட மாதிரி படுத்திருப்பாரு, ஆனா மறுநாள் தெளிவா இருப்பாரு. அதனால நாத்தனாரே முடிவு பண்ணிட்டா, எல்லாருக்கும் மாட்டுப் பொங்கலன்னைக்குத்தான் பொங்கல், குன்னூர்லதான் பொங்கல்னு.

வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு ரெண்டு வண்டில பதினோரு பேர் வந்து இறங்கினாங்க. கீழ இருந்து வந்தவங்களுக்கு எங்க குளிர் தாங்கல, வெயில் விழற இடத்துக்குப் பாயை இழுத்துட்டே நகர்ந்தாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் தேயிலைக் கொழுந்தெல்லாம் பனில கருகி நிக்குது, இந்தப் பக்கம் அடுப்பு எரியுது, புகை மேல போகாம தரையோட சுத்துது. பானை பொங்கினதும் பிள்ளைங்க போட்ட சத்தத்துல எதுத்த வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சுடுச்சு. கரும்பு வந்துச்சு, ஆனா யாரும் அவர் கைல கொடுக்கல. அதுக்காக அவர் முன்னாடி ஒளிச்சு வச்சும் சாப்பிடல, பக்கத்துல உட்கார்ந்தே கடிச்சாங்க, அதுதான் அவருக்குப் பிடிச்சிருந்துச்சு. அவருக்கு வடிச்ச சோறு, மேரக்காய்ப் பொரியல், முட்டைகோஸ், ரெண்டு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரைப் பொங்கல் ஒரே ஒரு டீஸ்பூன். நாத்தனார் வீட்டுக்காரரும் "மச்சான், இன்னைக்கு எனக்கும் உங்க சாப்பாடுதான்"னு அதே உப்பில்லாத பொரியலைப் போட்டுச் சாப்பிட்டாரு. அந்த வெள்ளைச் சட்டை அன்னைக்குத்தான் வெளில வந்துச்சு, மேல என் ஜிப் வச்ச ஸ்வெட்டர்.

மூணு மணிக்கு மேல நான் பாட்டிலைப் பார்த்தேன். வழக்கமா அந்நேரத்துக்கு முக்கால்வாசி காலியாகியிருக்கும். பாதிக்கு மேல அப்படியே இருக்கு. பயந்துட்டேன், உடம்புக்கு ஏதாவதான்னு. "என்னங்க, காலைல இருந்து தண்ணியே குடிக்கலையா?"

"சேர்த்து வச்சேன். சாயங்காலம் எல்லாரும் காபி குடிப்பீங்கல்ல. எனக்கும் ஒரு டம்ளர் முழுசா போடு. தங்கச்சி கூட உட்கார்ந்து குடிக்கணும்"னாரு.

150 மில்லி அளந்து ஊத்தினேன். குளிர்ல ஆவி பறந்துச்சு, டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வாசப்படில உட்கார்ந்தாரு. பக்கத்துல அவ. அஞ்சு மணிக்கு அவங்க வண்டி கிளம்பும்போது எழுந்து போய் டிரைவர் சீட் கண்ணாடியைத் தட்டி, "கல்லாறு போய்ச் சேர்ற வரைக்கும் செகண்ட் கியர்லயே இறக்குங்க மாப்பிள்ளை, பிரேக்கை நம்பாதீங்க"ன்னாரு. ராத்திரி எட்டு மணிக்கு அவங்க கீழ சேர்ந்துட்டோம்னு போன் பண்ற வரைக்கும் அவரு படுக்கவே இல்ல.