பாய்மரக் கப்பலுக்கு டீசல்

தூக்கம் வரலைன்னு ஈராக் போர்ச் செலவுக் கணக்கைப் படிக்க உக்காந்தேன். இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போச்சு.

2003-க்கு அப்புறம் அங்க அமெரிக்கப் படைக்குச் சோறு, சலவை, லாரி எல்லாமே கேபிஆர் மாதிரி தனியார் கம்பெனிகள் கையில. ஒப்பந்தம் 'காஸ்ட் பிளஸ்' வகை. ஆன செலவை அரசு தரும், மேல லாபமும் தரும். மதிப்பீடு பெருசானா லாபமும் பெருசு. அப்புறம் எவன் சிக்கனம் பிடிப்பான்? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

சரக்கே இல்லாத லாரிகள், குண்டு வெடிக்கிற சாலையில, நூத்துக்கணக்கான மைல் போய்ட்டு வந்திருக்கு. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டின டிரைவர்களே 2004-ல இதை வெளிய சொன்னாங்க. காலி லாரியில என்னப்பா சரக்குன்னு கேட்டா, "பாய்மரக் கப்பலுக்கு எரிபொருள்"னு கிண்டலடிப்பாங்களாம்.

2010-ல ஈராக், ஆப்கானிஸ்தான் ரெண்டுலயும் சேர்த்து ஒப்பந்தப் பணியாளர்கள் மட்டும் 2,60,000 பேருக்கு மேல. மேற்பார்வை பார்க்கத்தான் ஆள் பத்தல. அமெரிக்க நாடாளுமன்றம் அமைச்ச போர்க்கால ஒப்பந்த ஆணையம் 2011-ல சொன்ன கணக்கு: வீணாவும் மோசடியாவும் போனது 3,100 கோடியில இருந்து 6,000 கோடி டாலர் வரைக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க, அதுவே ஒரு கதை!

பாக்தாத்துக்கு வடக்கே கான் பனி சாத்ல ஒரு சிறைச்சாலை. 4 கோடி டாலர் போச்சு, வேலை முடியவே இல்ல. ஒரு கைதிகூட உள்ள போகல. ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேரு 'திமிங்கிலம்'.