ஒரு சிப்பாய், ஐந்து கைதிகள், முப்பது நாள்

தாலிபான் பிடியில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் போ பெர்க்டாலை மீட்க, கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவிலிருந்து ஐந்து தாலிபான் கைதிகளை அமெரிக்கா 2014இல் விடுவித்தது. இந்த விவகாரத்தில் எல்லாரும் "ஓடிப்போனவனுக்காக ஐந்து பேரா?" என்றே கேட்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் பக்திகாவில் 2009 ஜூனில் காவல் முகாமைவிட்டுத் தானாகவே வெளியேறியவர்தான். ஆனாலும் மீட்டு வந்து விசாரிப்பதுதான் முறை, நடந்ததும் அதுதான். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறை இல்லை, அவமதிப்போடு பணிநீக்கம். (2023இல் அந்தத் தீர்ப்பும் ரத்தானது.)

உண்மையான ஓட்டை வேறு. குவாண்டனாமோ கைதியை வெளியே அனுப்ப 30 நாள் முன்பே அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் சொல்லியாக வேண்டும். ஒபாமா அரசு சொல்லவில்லை. செய்தி கசிந்தால் பெர்க்டால் உயிர் போகும் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானது, ஆனால் சட்டத்தில் அதற்கு விலக்கு இல்லை. அரசின் தணிக்கை அலுவலகமே 2014 ஆகஸ்டில் இது சட்டமீறல் என்றது.

2014 மே 31, ஆப்கானிஸ்தானின் கோஸ்ட். தாலிபான் அவரை ஒப்படைத்த நாள். ஹெலிகாப்டர் இரைச்சலில் பேச்சு கேட்காததால், காகிதத் தட்டில் 'சிறப்புப் படையா?' என்று எழுதிக் காட்டினாராம் பெர்க்டால்.

ஐவரும் கத்தார் போனார்கள். பயணத் தடை ஓராண்டுக்குத்தான் பேசப்பட்டிருந்தது. அங்கேதான் பேரம் பலவீனம். 2019இல் அவர்களே தாலிபான் தரப்பில் தோஹா பேச்சுவார்த்தை மேசையில் அமெரிக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். 2021இல் தாலிபான் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்த ஐவரில் அப்துல் ஹக் வாசிக் காபூலில் உளவுத்துறைத் தலைவர், கைருல்லா கைர்க்வா தகவல் அமைச்சர்.