கைராசிக்காரன்னு பேர் வாங்கின கதை

ஸ்டெம் செல் (உடம்போட எந்த செல்லாவும் மாறக்கூடிய செல்) லேப்ல சேர்ந்ததும் எனக்கு குடுத்த முதல் வேலை ஹெச்9 செல் லைனை, அதாவது டிஷ்லயே பெருகிட்டே இருக்கிற ஒரு செல் வம்சத்தை, பாத்துக்கிறது. 1998ல விஸ்கான்சின் யூனிவர்சிட்டில ஜேம்ஸ் தாம்சன் டீம் மனுஷ கருவுல இருந்து எடுத்தாங்கல்ல, அந்த அஞ்சு லைன்ல ஒண்ணு. 46 க்ரோமோசோம், ரெண்டு எக்ஸ், அதாவது பொண்ணு. ரொம்ப நோஞ்சான் பொண்ணு. தினமும் மீடியா, அதான் செல்லுக்கு சாப்பாடு, மாத்தணும், ஞாயிறு பொங்கல்னு எதுவும் கிடையாது, கறவை மாடு வச்சிருக்கிற மாதிரிதான்.

டிஷ் நிரம்பினதும் செல்லைப் பிரிச்சு புது டிஷ்ல போடணும், அதுக்குப் பேர் பாசேஜ். ஆரம்பத்துல பிரிச்சுப் போட்டா பாதி செத்துடும். சின்ன சின்ன கொத்தா பிரிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க, நான் ஈஸியா இருக்குன்னு என்சைம் போட்டு ஒத்தை ஒத்தை செல்லா பிரிக்க ஆரம்பிச்சேன். சில மாசத்துல எல்லாம் சரியாயிடுச்சு, போட்டதெல்லாம் ஒட்டிக்குது, அஞ்சு நாள்ல நிரம்புற டிஷ் மூணே நாள்ல நிரம்புது. சீனியர் அக்கா "உனக்கு கைராசிடா"ன்னாங்க, நானும் நம்பி பக்கத்து லேப்காரங்களுக்கு டிப்ஸ் வேற குடுத்தேன்.

பத்து பாசேஜுக்கு ஒரு தடவை காரியோடைப், அதாவது க்ரோமோசோமெல்லாம் சரியா இருக்கான்னு, பாக்கணும்ங்கிறது எங்க ரூல். செல்லுதான் நல்லா இருக்கேன்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். கடைசில ஒருநாள் செல் பிரியறதை பாதில நிறுத்துற கோல்செமிட் போட்டு, பொட்டாசியம் குளோரைடுல உப்ப வச்சு, மெத்தனால் அசிட்டிக் ஆசிட்ல ஃபிக்ஸ் பண்ணி, ஸ்லைடுல சொட்டு விட்டு, ஜீம்சா சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல உக்காந்து எண்றேன், 47. தப்பா எண்ணிட்டோம் போலன்னு அடுத்த செல். அதுவும் 47. மொத்தம் 20 செல்லுல 14ல 47. க்ரோமோசோம்ல தெரியுற பட்டைகளை வச்சு ஜோடி சேர்த்துப் பாத்த சைட்டோஜெனடிக்ஸ் மேடம், "12ம் நம்பர் க்ரோமோசோம் ரெண்டுக்கு மூணு இருக்கு தம்பி"ன்னாங்க, ஏதோ ரேஷன் கார்டுல ஆள் கூடின மாதிரி.

இதுல கொடுமை என்னன்னா 2004லயே பேப்பர் வந்தாச்சு, 12ம் 17ம்தான் திரும்பத் திரும்ப கூடுதுன்னு. செல்லை ஸ்டெம் செல்லாவே வச்சிருக்கிற நானாக் ஜீன் 12லதான் இருக்கு, விரைப் புற்றுநோய்லயும் அதே 12ஓட குட்டைக் கைதான் கூடும். ஒத்தை ஒத்தையா பிரிச்சா நார்மல் செல் தாங்காம சாகும், ஏதோ ஒண்ணு 12 கூடி பிழைச்சிருக்கும், சில மாசத்துல டிஷ்ல பெரும்பாலும் அதோட வாரிசுங்கதான். நெல்லுக்கு இறைச்ச தண்ணி புல்லுக்கும் போகும்பாங்க, நான் புல்லுக்கு மட்டுமே இறைச்சிருக்கேன். 20ம் நம்பர் க்ரோமோசோம்ல ஒரு சின்னத் துண்டு கூடுறது இன்னும் மோசம், செல்லை சாகவிடாத பிசிஎல்2எல்1 ஜீன் அதுலதான் இருக்கு, பல நேரம் காரியோடைப்ல கண்ணுக்கே தெரியாது, அதுக்கு தனியா ஃபிஷ்னு, ஒளிர்ற குறி வச்சுத் தேடுற டெஸ்ட் ஒண்ணு பாக்கணும்.

இந்த செல்லை ஹார்ட் செல்லா மாத்தி எடுத்த நாலு மாச டேட்டா போச்சு. எல்லா டிஷ்லயும் ப்ளீச் ஊத்திட்டு, நைட்ரஜன் டேங்க்ல உறைய வச்சிருந்த பழைய செல் குப்பி ஒண்ணை எடுத்து இளக்கினேன். மறுநாள் காலைல அக்கா போன்.

"எப்படிடா இருக்கு?"

"பாதி செத்து மிதக்குதுக்கா."

"அப்பாடா"ன்னாங்க.