ஸ்கேன் அறைக்கும் அறுவை அரங்குக்கும் இடையில்

மூளையில் கட்டி இருப்பதாகத் தெரிந்த ஒருவரை அறுவைக்கு அனுப்பும் முன், கட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சாதாரண எம்.ஆர்.ஐ. ஸ்கேனே காட்டிவிடுகிறது. அறுவை மருத்துவருக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியவேண்டியிருக்கிறது. கட்டியை ஒட்டியுள்ள நலமான திசு என்ன வேலை செய்கிறது, எந்த எல்லை வரை அகற்றினால் நோயாளி கண் விழித்ததும் பேசுவார், வலக்கையைத் தூக்குவார் என்பதற்கு அவர் விடை தேடுகிறார். அந்த விடையை இயன்றவரை முன்கூட்டியே தேடித் தருவது எங்கள் ஆய்வுப் பிரிவின் அன்றாட வேலை. மருத்துவம் படித்துவிட்டு, கத்தியைத் தொடாமல் படங்களின் பக்கம் வந்துவிட்டவன் நான். கருவியைப் பற்றி இயற்பியலாளர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதை அறுவை மருத்துவரிடமும், அறுவை மருத்துவரின் அவசரத்தை இயற்பியலாளர்களிடமும் எடுத்துச் சொல்லும் இடத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த இடத்திலிருந்து பார்க்கையில் எனக்கு ஓயாமல் உறுத்தும் விஷயம், நாங்கள் தரும் வண்ணப் படம் அதன் தகுதிக்கு மீறி நம்பப்படுகிறது என்பதுதான்.

அந்த வண்ணப் படத்தைத் தரும் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. (fMRI) நரம்பணுக்கள் வேலை செய்வதை நேராகப் படம் பிடிப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி வேலையில் இறங்கியதும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் அங்கே தேவைக்கு அதிகமாகவே பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத் தன்மை உண்டு. அதன் பங்கு அவ்விடத்தில் குறைவதால் சமிக்ஞை சற்றே கூடுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளில் காட்டிய இந்த விளைவை, 1992இல் அவருடைய குழு உட்படப் பல குழுக்கள் மனித மூளையிலும் காட்டின. மூன்று டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவியில்கூட அந்த ஏற்றம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுதான். வேலை தொடங்கி ஐந்தாறு நொடிகள் கழித்தே அது உச்சத்தைத் தொடுகிறது. நோயாளி தலையைச் சற்று அசைத்தாலே இதைவிடப் பெரிய மாற்றம் பதிவாகிவிடும். எனவே அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு என்று மாறி மாறிச் செய்யவைத்து, அந்தச் சிறு ஏற்றத்தைப் புள்ளியியலின் துணையோடு இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கிறோம். அந்தக் கணக்கின் மதிப்பு நாங்கள் வைத்த வரம்பைத் தாண்டிய இடங்களே திரையில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஒளிர்கின்றன.

அந்த வரம்பைத் தளர்த்தினால் வண்ணத் திட்டு பெருத்துக் கட்டியைத் தொட்டு நிற்கும். இறுக்கினால் சுருங்கி விலகிப் போகும். 2009இல் கிரேக் பென்னட்டும் அவருடைய குழுவினரும், இறந்த ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களை அதற்குக் காட்டி, பல்லாயிரம் இடங்களை ஒருசேரச் சோதிப்பதற்கு உரிய திருத்தம் செய்யாத கணக்கு அந்த மீனின் மூளையிலும் ‘செயல்பாடு’ இருப்பதாகச் சொல்வதைக் காட்டினார்கள். 2012இல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. மீனை நினைத்துச் சிரித்துவிட்டுப் போகலாம். 2020இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வை அப்படிக் கடந்துவிட முடியாது. அதில் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்தபோது எந்த இரு குழுக்களும் ஒரே வழியில் ஆராயவில்லை, கேட்கப்பட்ட ஒன்பது கேள்விகளில் பலவற்றுக்கு வெவ்வேறு விடைகளுடன் வந்தார்கள். அவர்களில் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர். இதனால்தான் நாங்கள் ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று வரம்புகளில் படம் தருகிறோம். அறுவை மருத்துவர்களுக்கு இது முதலில் பிடிப்பதில்லை. “இதுல எது சரி, அதை மட்டும் சொல்லுங்க” என்பார்கள். மறுநாள் காலையில் மண்டையோட்டைத் திறக்கப்போகும் ஒருவர் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனாலும் ஒரே படத்தைக் கொடுத்து அவருடைய ஐயத்தைத் தீர்ப்பதைவிட, மூன்றைக் கொடுத்து அதை நீடிக்கவிடுவதே நேர்மை என்று கருதுகிறேன்.

கணக்கைவிடக் கடினமானது நோயாளியை அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து, நாம் கேட்பதைச் செய்யவைப்பது. ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது என்பதால் தாலி, மெட்டி, மூக்குத்தி, தாயத்து, வெள்ளி அரைஞாண், புடவையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லவேண்டும். ஊக்கு இரும்பு; காந்தம் அதை இழுத்துவிடும் என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். தாலிக்கு அந்த விளக்கம் போதாது. சில பெண்கள் முதல் நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சிலர் ஸ்கேன் அறை வாசலில் நின்று கணவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இதற்கென்று ஒதுக்கும் நேரத்தை வீண் என்று நினைக்கும் இளம் ஆய்வாளர்களிடம், கலக்கத்தோடு உள்ளே போகிறவர் தலையை அசைப்பார், அசைத்தால் தரவு போயிற்று என்று மட்டும் சொல்வேன். படமெடுப்பதும் ஒரு சிகிச்சைதான் என்று பலர் எண்ணியிருப்பார்கள். “தம்பி, இந்த மெஷின்ல படுத்தா கட்டி கரைஞ்சிடுமா?” என்று ஒரு மூதாட்டி கேட்டபோது, கரையாது என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைந்நாட்டோ வாங்குமுன் அந்த விடையைச் சொல்லியே ஆகவேண்டும்.

பேச்சுப் பகுதியைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்களை மனத்தில் வைத்து உருவானவை. குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை நினைக்கச் சொல்வது அவற்றில் ஒன்று. பள்ளிக்கூடம் போகாத ஒருவரிடம் ‘க’வில் தொடங்கும் சொல் கேட்டால் அவர் மூளை பேச்சைத் தேடாது, நாம் என்ன கேட்கிறோம் என்பதைத்தான் தேடும். அவரிடம் காய்கறிப் பெயர்களையோ உறவுமுறைகளையோ வரிசையாக நினைக்கச் சொன்னால் சமிக்ஞை தெளிவாக வருகிறது. படத்துக்குப் பெயர் சொல்லும் பயிற்சிக்கு 1980இல் ஸ்னோட்கிராஸும் வாண்டர்வார்ட்டும் வெளியிட்ட 260 கோட்டோவியங்கள் இன்றும் பலருக்கு அடிப்படை. அதில் கூனைப்பூ என்ற மேலைநாட்டுக் காய்கறியும் பனிச்சறுக்கு வண்டியும் இருக்கின்றன. நாங்கள் அவற்றை நீக்கிவிட்டு அம்மி, முறம், உலக்கை, அரிவாள்மனை என்று சேர்த்தோம். சில காலம் கழித்து, நகரத்தில் வளர்ந்த இளைஞர்கள் முறத்தின் படத்தைப் பார்த்து விழிக்கத் தொடங்கியதும் வயதுக்கும் ஊருக்கும் ஏற்ப வெவ்வேறு தொகுதிகளை வைத்துக்கொண்டோம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாடை அசைந்தால் படம் கெடும் என்பதால் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லச் சொல்கிறோம்; அவர் சொன்னாரா, கண்ணை மூடிக்கொண்டு முருகனை வேண்டினாரா என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. எனவே முதல் நாள், ஸ்கேனருக்கு வெளியே மேசையருகே உட்காரவைத்து, சத்தமாகச் சொல்லவைத்துப் பழக்குகிறோம். அந்த அரை மணி நேரப் பழக்கம் எந்த மென்பொருளையும்விட என் படங்களின் தரத்தை உயர்த்தியிருக்கிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கட்டியே எங்கள் அளவீட்டைக் கெடுத்துவிடக்கூடும். வீரியம் மிக்க கிளையோமாக்களை (மூளையின் துணை அணுக்களிலிருந்து எழும் கட்டிகளை) சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் இயல்பாக விரியும் திறனை இழந்துவிடுகின்றன. நரம்பணு வேலை செய்தாலும் இரத்தம் அதற்கு ஈடுகொடுக்காது. படத்தில் அந்த இடம் நிறமின்றி வெறுமையாகத் தெரியும். அதாவது, வெட்டலாமா என்று கேள்வி எழும் இடத்திலேயே எங்கள் கருவிக்குக் கண் மங்கிவிடுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நோயாளியைச் சிறிது நேரம் மூச்சை அடக்கச் சொன்னால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி, நலமான குழாய்கள் எல்லாம் விரியும். விரியாத பகுதியை அறிக்கையில் கோடிட்டுக் காட்டி, இங்கே நிறம் இல்லாததை வேலை இல்லாததாகக் கொள்ளவேண்டாம் என்று எழுதிவிடுகிறோம். இடப்பக்க டெம்போரல் மடலில் (காதுக்கு மேலாக உள்ள மூளைப் பகுதியில்) கட்டியோடு வந்த ஒரு தையற்காரருக்கு அப்படி எழுதியிருந்தோம். அவரை விழித்த நிலையில் வைத்து அறுவை செய்தார்கள். தோலையும் மண்டையோட்டு உறையையும் மரக்கச் செய்தால் போதும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நான் பக்கத்தில் அமர்ந்து படங்களைக் காட்ட, அவர் கத்தரிக்கோல், ஏணி, குடை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோடிட்ட பகுதியின் ஓர் ஓரத்தில், மெல்லிய மின்னோட்டத்தால் அவ்விடத்தின் வேலையைச் சற்று நேரம் தடுக்கும் மின்முனை பட்டதும், என் கையிலிருந்த சாவிப் படத்தைப் பார்த்து, “இது... இது... பூட்டுக்குப் போடுறது” என்றார். மின்னோட்டம் நின்றதும் “சாவி” என்றார். அந்த இடத்தில் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டு ஒட்டப்பட்டது. அறுவை அதற்கு இப்பால் நின்றது.

கனடாவின் மாண்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு பெருமளவில் வளர்த்தெடுத்த முறை இது. அவரிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய தலைமுறையினர் மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்தியும், குழாய்களில் சாயம் ஏற்றியும், நிழல்கள் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்பதை வைத்துக் கட்டியின் இடத்தை ஊகித்தார்கள். தாங்கள் பார்ப்பது நிழல் என்பதை அவர்கள் ஒருபோதும் மறந்திருக்க முடியாது. இன்றைய பயிற்சி மருத்துவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அவர்களை மிகவும் மயக்குவது, மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் படங்கள். 1994இல் பாசரும் மாட்டியெல்லோவும் லு பியானும் முன்வைத்த கணக்கு முறையிலிருந்து வளர்ந்த இந்தப் படங்களில், நீர் மூலக்கூறுகள் இழைகளின் போக்கிலேயே எளிதாகப் பரவும் என்பதைக்கொண்டு இழைகளின் பாதையை ஊகிக்கிறோம். சுமார் இரண்டு மில்லிமீட்டர் பக்கம் கொண்ட ஒரு கனசதுரத்துக்குள் பல்லாயிரம் இழைகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போகக்கூடும். கணினி அவற்றுக்குள் ஒரு வழியைத் தேர்ந்து கோடு இழுக்கிறது. விடை முன்பே தெரிந்த ஒரு செயற்கைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. உண்மையான இழைக்கற்றைகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் கண்டுபிடித்தார்கள், இல்லாத கற்றைகளையோ அதைவிட அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். கட்டியைச் சுற்றி நீர் கோத்த வீக்கம் இருந்தால் இருக்கும் இழையும் பாதியில் அறுந்ததுபோலத் தெரியும். இதற்கு மேல், மண்டையோட்டைத் திறந்து உறையைக் கீறியதும் மூளைத்தண்டுவட நீர் வடிய, மூளையே சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரை அமிழ்ந்து நகர்ந்துவிடலாம். அறுவை அரங்கின் திரையோ முந்தைய நாள் மூளையைத்தான் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.

தற்போது என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது இருமொழிக்காரர்களின் சிக்கல். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசி, வெளியே தமிழில் புழங்குபவர்கள் எங்களிடம் நிறையவே வருகிறார்கள். இரு மொழிகளுக்கும் உரிய புள்ளிகள் மூளையின் மேற்பரப்பில் ஓரளவு வேறுபடலாம் என்பதை ஓஜ்மனும் விட்டேக்கரும் மின்தூண்டல் வழியாக 1978லேயே காட்டினார்கள். தமிழில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினால், அறுவைக்குப் பின் அவர் கடையில் பேசுவார், வீட்டில் தடுமாறுவார் என்ற நிலை வரக்கூடும். இரண்டிலும் சோதிக்க ஸ்கேன் நேரம் இரட்டிப்பாகிறது. அரை மணிக்கு மேல் போனால் நோயாளி களைத்து, இரண்டாவது மொழியின் படம் மங்கலாக வருகிறது. எதை முதலில் வைப்பது என்று குடும்பத்தாரைக் கேட்டால், மனைவி ஒன்று சொல்வார், மகன் வேறொன்று சொல்வார், நோயாளி “கணக்குப் போடுறது தெலுங்குலதான் சார்” என்பார். இப்போதைக்கு இரு மொழிகளையும் இரண்டு நாட்களில் பிரித்து எடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் இன்னொரு முறை ஸ்கேன் நேரம் கேட்டு வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது, கட்டி வேகமாக வளர்பவர்களுக்கு அந்த இரண்டாவது நாள் கிடைப்பதில்லை. அவர்களுக்கு எந்த மொழியில் சோதித்தோம், எதில் சோதிக்கவில்லை என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதி அனுப்புகிறோம்.