டிங்கின் கத்தியும் என் காதும்

ஜூன் 3
கடைக்குப் பழைய பைக் ஒன்று வந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் சின்னத் துளையான பைலட் ஜெட்டை ஊதி, கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைச் சத்தம் கேட்டே திருகி நிறுத்தினேன். இந்த வாரத்தில் கார்புரேட்டர் வண்டி இது ஒன்றுதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புது வண்டி பெரும்பாலும் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி. இருபத்திரண்டு வருடம் காதில் ஏற்றிய வித்தை. ஒன்றையே பிடித்துக்கொண்டது தப்போ?

ஜூன் 5
இரவு சுவாங்சு படித்தேன். கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சீனத்துத் தாவோ ஞானி. முதல் அத்தியாயத்தில் சோங் நாட்டுக் குடும்பம் ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரில் பட்டுப்பஞ்சு அலசுகிறது. கை வெடிக்காமலிருக்க ஒரு களிம்பு வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் நூறு பொன் கொடுத்துச் செய்முறையை வாங்கி, வூ அரசனிடம் போகிறான். குளிர்காலத்தில் யுவே நாட்டோடு நீர்ப்போர். வூ வென்றது, அவனுக்கு நிலம் மானியமாகக் கிடைத்தது. களிம்பு அதேதான்.

எனக்கென்னவோ அந்தக் குடும்பத்தை நினைத்துத்தான் மனசு கனத்தது. அத்தனை தலைமுறை அலசியும் சில பொன்னுக்கு மேல் அவர்கள் கண்டதில்லை.

ஜூன் 6
நல்ல மழை. கடை திறக்கவில்லை.

ஜூன் 9
மூன்றாம் அத்தியாயம். டிங் என்ற சமையற்காரர் மாடு வெட்டுகிறார். சாதாரண ஆளுக்கு மாதம் ஒரு கத்தி, தேர்ந்தவனுக்கு வருடம் ஒன்று. டிங்கின் கத்தி 19 வருடம் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கண்டும், இப்போதுதான் சாணைக்கல்லிலிருந்து எடுத்தது போலிருக்கிறது. மூட்டுகளுக்குள் இருக்கும் இடைவெளியில்தான் அது போகிறது.

இந்தக் கதையை முன்பே கேட்டிருக்கிறேன். பிறகு வருவதைத்தான் கவனிக்கவில்லை. சிக்கலான மூட்டு வந்தால் டிங் தயங்குகிறார். பார்வை ஒரே இடத்தில் நிற்கிறது, கை மெதுவாகிறது, கத்தி அசைவதே தெரியவில்லை. 19 வருடத்துக்குப் பிறகும்! ஒரே வேலையில் ஊறியவன் இறுகிப்போவான் என்று நினைத்திருந்தேன். நேற்றைய மாடுதானே என்று கத்தியை ஓங்குகிறவன்தான் இறுகிப்போனவன். அப்படி நானும் எத்தனை வண்டிகளைப் பிரித்திருக்கிறேன்.

ஜூன் 11
எஃப்ஐ வண்டி. ஆக்சிலேட்டரை விட்டால் ஐடிலில் நிற்காமல் ஆஃப் ஆகிறது. கோளாறைக் காட்டும் ஸ்கேனரில் எர்ரர் எதுவும் இல்லை.

“இன்ஜெக்டரை மாத்திடலாம்ணே,” என்றான் கடைப் பையன்.

“கொஞ்சம் இருடா.”

குனிந்து கேட்டேன். மெல்லிய சீறல். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் ரப்பரில் முடி அளவு வெடிப்பு, அது வழியாகக் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் நூறு தடவை கேட்ட சத்தம். ரப்பரை மாற்றியதும் வண்டி ஐடிலில் ஆஃப் ஆகாமல் ஓடியது.

சாயங்காலம் பையன் ஸ்கேனரில் சென்சார் ரீடிங் பார்ப்பதைச் சொல்லிக்கொடுத்தான். பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் பாதி புரியவில்லை. நாளை மறுபடி கேட்க வேண்டும்.